நவம்பர்ப் பூசைக்கு ஒரு பேர்

நவம்பர் பிறந்தால் மாக்கிரட் அக்கா தவறாமல் தொலைபேசி எடுப்பார். தமிழ்ப் பங்குக் கோயிலில், இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்கப் பெயர் சேர்ப்பவர் அவர்தான்.

"சிசிலி, அருமைராசாவின்ர பேரை இந்த முறையாவது போடுவமோ?"

"அவர் செத்தவரெண்டு ஆர் சொன்னது? வேலைக்குப் போறன் அக்கா, பேந்து கதைக்கிறன்."

ஊரில் சண்டை முடிந்த கையோடு, பேர் பதிய வேண்டும் என்று சீருடைக்காரர் அவள் புருசன் அருமைராசாவைப் பேருந்தில் ஏற்றிப்போய்ப் பதினாறு வருடம். அவருடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவர் சுகத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு, வீட்டில் தனியே சாப்பிடுவாள்.

அவள் வந்து சேர்ந்த பிரெஞ்சு பேசும் நகரில், இல்-பிசார் என்ற பணக்காரப் பகுதியில், ஒரு பெரிய வீட்டில் ஒரு கிழவரைப் பராமரிப்பதுதான் வேலை. கிழவர் லேசுப்பட்ட ஆளில்லை. எங்கோ ஒரு நாட்டின் பழைய சனாதிபதி. கப்டனாக இருந்தவர் ஒரு விடியற்காலை வானொலி நிலையத்தைப் பிடித்தார். இருபத்திரண்டு வருடம் கொடிகட்டிப் பறந்தார். சனம் தெருவில் இறங்கியதும் தலைதெறிக்க ஓடிவந்தார். நாட்டையே வாய்பொத்த வைத்தவர், இப்போது சிசிலி சூப்புக் கரண்டியை நீட்டினால் வாய் திறக்கிறார். அந்த வீட்டை ஈ காக்கை எட்டிப் பார்ப்பதில்லை. பெற்ற மகள்கூட நத்தாருக்கு வந்தால் உண்டு.

நினைவு தடுமாறும் மனிதர். பாதி நேரம் இன்னும் ஆட்சியில்தான் இருப்பார். சிசிலியைச் செயலாளர் என்று நினைத்து, கையெழுத்துப் போடக் கடதாசி கேட்பார். அவளும் சுப்பர்மார்க்கெட் விளம்பரத்தை நீட்டுவாள். கோழிக்கால் படத்தின் மேல் கண்ணும் கருத்துமாகக் கையெழுத்திடுவார்.

அன்று அப்படி எழுதிக்கொண்டிருந்தவரிடம், மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்ததைத் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டே விட்டாள். பேர் பதிய என்று பேருந்தில் ஏற்றிப் போகிறவர்களை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்?

"வருடமா? அன்று பொழுதுபடுவதற்குள் முடித்துவிடச் சொல்வேன். வைத்திருந்தால் சாப்பாடு போட வேண்டுமே." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "ஏன், யாராவது இன்னும் காத்திருக்கிறார்களா?"

இது வேறு நாட்டு ஆள், வேறு நாட்டுக் கதை என்று சிசிலி தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. அந்த வாயில் ஓர் அறை விடக் கை பரபரத்தது. துவாயை எடுத்து அதைத் துடைத்துவிட்டாள். நாள் முழுக்கத் தன்னோடு பேச இந்த மனிதர் ஒருவர்தான் இருக்கிறார் என்பது அவளுக்கு அவமானமாக இருந்தது.

பின்னேரம் பஸ் தரிப்பில் நின்று மாக்கிரட் அக்காவை அழைத்தாள்.

"எழுதுங்கோ அக்கா. அருமைராசா."

மறுமுனையில் அக்கா பெயரை எழுதிக்கொண்டார். "இறந்த திகதியும் வாசிக்கிறவை, பிள்ளை. என்னெண்டு போட?"

"பஸ்ஸில ஏத்தின அண்டைக்கே போடுங்கோ," என்றாள் சிசிலி.