பல் மருத்துவப் பிரிவைத் தவிர

அந்த நிறுவனத்தின் நிதித் தலைவருக்கு அலுவலகத்தில் வழங்கிய பெயர் 'ஆனா சார்'. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆனா, ஆவன்னாவில் வரும் ஆனா என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு கூட்டம் முடிவதற்குள் விஷயம் புரிந்துவிடும். யாராவது உற்சாகமாக வந்து எங்கள் பிரிவு இந்த முறை நன்றாகச் செய்திருக்கிறது என்று சொன்னால், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நல்ல விஷயம். ஆனா..." என்று ஆரம்பிப்பார். வந்தவர் உற்சாகத்தை அவர் மேசையிலேயே விட்டுவிட்டுத் திரும்புவார். தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

மருத்துவக் காப்பீடு, மருத்துவமனைகள், பல் மருத்துவ நிலையங்கள், முதியோர் இல்லங்கள் என்று பல நாடுகளில் கிளை விட்ட நிறுவனம் அது. ஆண்டுக்கு இரண்டு முறை வரவு செலவை வெளியிட்டு, பணம் போட்டவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த ஆண்டின் முதல் ஆறு மாதங்கள் யாரும் எதிர்பாராத அளவுக்கு நன்றாகப் போயிருந்தன. காப்பீட்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏராளம். சளிக் காய்ச்சல் இந்த முறை பெரிதாகப் பரவாததால் கொடுக்க வேண்டிய இழப்பீடும் கட்டுக்குள் நின்றது. முதியோர் இல்லங்களில் காலி அறை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. மருத்துவமனைகளும் குறை சொல்ல இடம் வைக்கவில்லை.

ஆனா சாருக்கு இது பிடிபடவில்லை. பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கி வந்ததும் விடைத்தாளைக் கொண்டு வா என்று கேட்கும் அப்பாவைப் போல, ஒவ்வொரு நாட்டுக் கணக்கையும் வரவழைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பல வாரத் தேடலுக்குப் பிறகு ஒரு குறை அகப்பட்டது. பல் மருத்துவ நிலையங்களுக்கு மக்கள் வருவது குறைந்திருந்தது. நேரம் வாங்குகிறார்கள், அப்புறம் தள்ளிப்போடுகிறார்கள், கடைசியில் வருவதே இல்லை. அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர் தன் கையாலேயே எழுதினார்: 'பல் மருத்துவப் பிரிவைத் தவிர, மற்ற எல்லாப் பிரிவுகளும் வளர்ச்சி கண்டுள்ளன.' அன்றைக்குத்தான் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது என்று அவருடைய உதவி அதிகாரி பின்னாளில் சொல்வதுண்டு. இவ்வளவு நல்ல செய்திக்கு நடுவில் இது எதற்கு என்று நிறுவனத் தலைவர் கெஞ்சிப் பார்த்தார். ஆனா சார் அசையவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வராமல் தள்ளிப்போட்டவர்களில் அவரும் ஒருவர். கீழ்த் தாடையில், இடப்பக்கக் கடைசிப் பல் அவரைப் பல மாதங்களாகப் படுத்திக்கொண்டிருந்தது. அவர் வலப்பக்கமாகவே மென்று, சூடாக எதையும் குடிக்காமல், சட்டைப் பையில் கிராம்புத் தைலத்துடன் காலத்தை ஓட்டினார். அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றைத் தனியாக நடத்துபவர். நாள் முழுவதும் பக்கத்து இருக்கைக்காரர்களை ஓரக்கண்ணால் பார்த்தே பழகிய அவரிடம் இந்த வலப்பக்க மெல்லல் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொண்டது. டாக்டரிடம் போகலாம் என்று அவர் சொல்லும்போதெல்லாம், கணக்கு முடியட்டும் என்பதே பதிலாக இருந்தது. உங்கள் ஆபீசில் கணக்கு என்றைக்கு முடிந்திருக்கிறது என்று அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அறிக்கை வெளியாகும் நாளன்று காலையில் கண்ணாடி முன் நின்ற ஆனா சார், தன் முகத்தில் பாதி வேறு யாருடையதோ போல இருப்பதைக் கண்டார். இடது கன்னம் பன் ரொட்டி போல உப்பியிருந்தது. மனைவி கார் சாவியை எடுத்தார். பயிற்சி வண்டி என்று கூரையில் பெரிய பலகையும், முன்னிருக்கை இரண்டுக்கும் தனித்தனி பிரேக்கும் வைத்த காரில், நிறுவனத்தின் நிதித் தலைவர் தலைமை அலுவலக வாசலில் வந்து இறங்கினார். பாதுகாவலர் வணக்கம் வைத்தார், பலகையைப் பார்த்தார், மறுபடியும் வணக்கம் வைத்தார்.

அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்திலேயே நிறுவனத்தின் பல் மருத்துவ நிலையம் ஒன்று இருந்தது. அவர் தினமும் அதைத் தாண்டித்தான் மின்தூக்கிக்குப் போவார். அன்றும் தாண்டத்தான் பார்த்தார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்து, வண்டியைத் திருப்புவது போல, பக்கவாட்டில் திருப்பினார். கூட்டம் இருக்கிறது, நான் பேச வேண்டும் என்று அவர் கைஜாடை காட்டினார்.

"எங்க, வாயைத் திறந்து பேசுங்க பார்ப்போம்" என்றார் மனைவி.

வாய் திறக்கவில்லை. அதோடு வாதம் முடிந்தது.

பல் மருத்துவர் அவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். சிகிச்சை நாற்காலி சாயும்போது பழைய கதவைப் போல நீளமாகக் கிறீச்சிட்டது. இதை மாற்றித் தரச் சொல்லி உங்களுக்குப் பல தடவை எழுதினேன் சார், 'நியாயமான கோரிக்கை, ஆனால்' என்று பதில் வந்தது என்று மருத்துவர் ஊசியில் மருந்தை ஏற்றியபடியே மரியாதையாகச் சொன்னார். ஆனா சார் கண்ணை இறுக மூடிக்கொண்டு நாற்காலியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தார். ஊசி போடும் முன், அறிக்கையை உதவி அதிகாரியையே வாசிக்கச் சொல்லும்படி நிறுவனத் தலைவருக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.

மாடியில் கூட்டம் தொடங்கியது. உதவி அதிகாரி கெட்டிக்காரப் பெண். அந்த அறிக்கையில் பாதியை எழுதியதே அவர்தான். பிசிறில்லாமல் வாசித்து முடித்தார். கேள்வி நேரம் வந்ததும் முதலில் தொலைபேசியில் வந்தவர், ஒரு முதலீட்டு நிறுவனத்தில் இருபதாண்டு அனுபவம் உள்ள அம்மாள். எழுத்துப் பிழையைக்கூட விடாமல் பார்ப்பதால் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். அவர் கணக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நிதித் தலைவர் எங்கே என்று கேட்டார்.

நிறுவனத் தலைவருக்கு உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஊருக்கெல்லாம் பல் பார்க்கும் நிறுவனத்தின் நிதித் தலைவர் பல்லைக் கெடுத்துக்கொண்டு கீழே கிடக்கிறார் என்று எப்படிச் சொல்வது? தவிர்க்க முடியாத சொந்த வேலை என்றார். அதுவே வினையாயிற்று. எத்தனை மோசமான கணக்கு வந்தபோதும் தவறாமல் வந்து நின்ற மனிதர், இவ்வளவு நல்ல கணக்கு வந்த நாளில் காணாமல் போயிருக்கிறார். வேலையை விட்டுவிட்டாரா, விரட்டிவிட்டார்களா, கணக்கில்தான் ஏதாவது கோளாறா? எல்லோர் பேச்சிலும் சந்தேகம் புகுந்தது. சுவரில் இருந்த திரையில் நிறுவனத்தின் பங்கு விலை ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கத் தொடங்கியது. ஆனா என்று சொல்ல ஆளில்லாத நல்ல செய்தியை யாரும் நம்பத் தயாராக இல்லை.

கீழே காத்திருப்போர் அறையில் மனைவி பொழுது போகாமல் தன் கைபேசியில் இந்தக் கூட்டத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகளில் கணவரின் வேலை எப்படி இருக்கும் என்று அவர் காது கொடுத்துக் கேட்பது அதுதான் முதல் தடவை. பாதி புரியவில்லை, புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. எழுந்து போய்ச் சிகிச்சை அறைக் கதவைத் தட்டினார். மருத்துவர் அப்போதுதான் பல்லைத் திறந்து சீழை வெளியேற்றி, தற்காலிகமாக அடைத்து முடித்திருந்தார். மீதி வேலைக்கு இன்னொரு நாள் வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேல உங்களுக்கு வேலை போயிடுச்சுன்னு பேசிக்கறாங்க. ஒரு தடவை போய்த் தலையைக் காட்டிட்டு வாங்க" என்றார் மனைவி.

ஆனா சார் தன் வாயைச் சுட்டிக் காட்டினார். இடது பக்க உதடு மரத்துப்போய்த் தொங்கியது.

"பாதி வாய் வேலை செய்யுதுல்ல? நீங்க பேசற பேச்சுக்கு அது போதும்."

அவர் மேலே போனபோது, நோயாளிகளுக்குக் கழுத்தில் மாட்டிவிடும் நீலக் காகிதத் துண்டு கழுத்திலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உதவி அதிகாரி எழுந்து தன் இருக்கையை அவருக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார். நிதித் தலைவர் வந்துவிட்டார் என்று அறிவித்ததும் தொலைபேசியின் மறுமுனையில் பூதக்கண்ணாடி அம்மாள் பெருமூச்சு விட்டது அறை முழுவதும் கேட்டது. உடனே வேலைக்குத் திரும்பிவிட்டார். பல் மருத்துவப் பிரிவுக்கு ஏன் ஆட்கள் வருவதில்லை என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து பதிலை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். பொருளாதாரச் சூழல், வாழ்க்கைச் செலவு, வாடிக்கையாளர்களின் போக்கு என்று நீளமாக, அழகாக இருந்தது. ஆனா சார் அதைக் கையில் எடுத்து, முதல் வார்த்தையான 'பொருளாதார'த்தை உதட்டில் வைத்துப் பார்த்தார். காற்றுதான் வந்தது. தாளைக் கீழே வைத்தார். உள்ளதிலேயே சின்ன வார்த்தையாகத் தேடி ஒன்றைச் சொன்னார்.

"ஹயம்."

மன்னிக்க வேண்டும், கேட்கவில்லை என்றார் பூதக்கண்ணாடி.

"ஹயம்" என்றார் மறுபடியும், இன்னும் உரக்க.

உதவி அதிகாரி ஒலிவாங்கியின் பக்கம் குனிந்தார். "பயம்னு சொல்றார்."

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு வாக்கியமாகக் குழறவும், உதவி அதிகாரி அதைத் திருப்பிச் சொல்லவுமாக அந்தக் கூட்டம் நடந்தது. எனக்குச் சிகிச்சை இலவசம். மருத்துவ நிலையம் நான் வேலை செய்யும் கட்டடத்தில் இருக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டிப் போகிறேன். அப்படியும் பல மாதங்களாக வலியோடுதான் இருந்தேன். காரணம் பணமும் இல்லை, நேரமும் இல்லை. சின்ன வயதிலிருந்தே எனக்குப் பல் டாக்டர் என்றால் பயம். இன்றைக்குக்கூட நானாக வரவில்லை, என்னைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதனால்தான் இங்கே வரத் தாமதம்.

சரி, இந்தப் பயத்துக்கு நிறுவனம் என்ன செய்யப் போகிறது என்று அந்த அம்மாள் விடாமல் கேட்டார்.

ஆனா சார் கொஞ்சம் யோசித்தார். "தெரியல. ஆனா கீழ இருக்கற நாற்காலி கிறீச்சுனு சத்தம் போடுது. முதல்ல அதை மாத்தணும்."

இதை உதவி அதிகாரி திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எல்லோருக்கும் புரிந்திருந்தது. அந்தக் கூட்டங்களில் சிரிப்பு கேட்பது அபூர்வம். அன்று கேட்டது. பங்கு விலை இறங்குவது நின்று, மதியத்துக்குள் ஏறவும் செய்தது. தலைவர் ஆசைப்பட்ட உயரத்துக்கு ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் செய்தித்தாள்களில் வருமானம், லாபம், நிரம்பி வழியும் முதியோர் இல்லங்கள் எல்லாம் கடைசிப் பத்தியில் ஒண்டிக்கொண்டிருந்தன. மேலே பெரிய எழுத்தில் பயம்தான் இருந்தது. ஆறு மாத உழைப்பு ஒரு பல்லுக்குள் போய்விட்டதே என்று தலைவர் அங்கலாய்த்தார். ஆனால் அந்த வாரம் பல் மருத்துவ நிலையங்களின் தொலைபேசிகளுக்கு ஓய்வே இல்லை. தள்ளிப்போட்டவர்களெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். உங்கள் நிதி அதிகாரியே பயப்படும்போது எனக்கென்ன வெட்கம் என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னாராம்.

இதெல்லாம் பிறகு நடந்தவை. கூட்டம் முடிந்த அன்று, பயிற்சிக் காரில் வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி வண்டியை ஓட்டினார். ஆனா சார் ஜெயித்துவிட்ட களைப்பில் சாய்ந்திருந்தார். ஒரு சிக்னலில் நின்றதும் மனைவி சொன்னார்:

"கல்யாணம் ஆனதுலேருந்து எதுக்கும் பயம்னு என்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னதில்ல. இன்னிக்கு ஊருக்கே சொல்லிட்டீங்க. நான் போன்ல கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்."

குரலில் கேலி இருந்தது. கேலி மட்டும்தான் என்று சொல்ல முடியாது. ஆனா சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உன்கிட்ட சொன்னா நீ சிரிப்பேன்னு நினைச்சேன்" என்றார். உதட்டுக்கு உணர்வு பாதி திரும்பியிருந்தது.

"சிரிச்சுத்தான் இருப்பேன். சிரிச்சுட்டுக் கூட வந்திருப்பேன். தினமும் பயந்தவங்க பக்கத்துல உக்காந்து சம்பாதிக்கறவ நான். வீட்டுல இருக்கற ஒருத்தர் பக்கத்துல உக்கார மாட்டேனா?"

நல்ல விஷயம், ஆனா என்று ஆரம்பிக்க அவருக்கு அங்கே வழியில்லை. வேறு எதற்கெல்லாம் பயம் என்று மனைவி கேட்டார். வீடு போய்ச் சேரும்வரை அவர் சொல்லிக்கொண்டே வந்தார்: இருட்டில் படி இறங்குவது, மனைவி கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்வது, எல்லாம் நன்றாக நடப்பது. கடைசியாகச் சொன்னது மனைவிக்கு முழுதாகப் புரியவில்லை என்றாலும், எத்தனையோ நாள் அவர் நல்ல செய்தியோடு முகம் தொங்க வீடு திரும்பியதன் காரணம் பிடிபட்டது. நடுவில் சொன்னதற்கு மட்டும் இரண்டு தெருவுக்குக் கோபமாக இருந்தார்.

மீதிச் சிகிச்சைக்கு நேரம் வாங்க ஆனா சார் தானே கூப்பிட்டார். அவரால் வந்த கூட்டத்தில் அவருக்கே இடம் கிடைக்கவில்லை. மூன்று வாரம் பொறுக்கச் சொன்னார்கள். நான் யார் தெரியுமா என்று கேட்கத் தோன்றியதை அடக்கிக்கொண்டு, நன்றி சொல்லிப் போனை வைத்தார். அந்த நாள் வந்தது. நிலையத்தின் உள்வாசலில் மனைவி நின்றார்.

"நான் இங்கயே உக்காந்திருக்கவா?"

"இல்ல, உள்ள வா" என்றார் அவர். தலைமை அலுவலகத்தின் பாதி ஊழியர்கள் மின்தூக்கிக்காக நின்று பார்த்துக்கொண்டிருக்க, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.