மணல் பீரியட்

திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லரிலிருந்து ஒரு குழந்தைகூட இறங்கவில்லை.

ஞானசுந்தரி பள்ளிக்கூட வாசலில் நின்று எண்ணிப் பார்த்தார். இருபத்திரண்டு தலைகளும் இருந்தன. எண்ணெய் வைத்து, படிய வாரி, ஸ்லேட்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தன. இறங்கியது ஒரே ஒரு ஆள். மானாம்பதி வீராசாமி. இருபது ஏக்கர் நஞ்சை, இரண்டு பம்ப்செட், ஒரு டிராக்டர். அந்த டிராக்டர்தான் மானாம்பதிப் பிள்ளைகளைத் தினமும் உத்திரமேரூருக்குக் கொண்டுவந்து இறக்கும்.

"பசங்க எறங்காது டீச்சரம்மா. மொதல்ல நாம பேசணும்."

இப்படி ஒரு நாள் வரும் என்று ஞானசுந்தரி ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார். போன வருஷம், 1981 ஜூனில், ஓடாத ரைஸ் மில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து 'ஒலிவமலை கிறிஸ்டியன் நர்சரி இங்கிலீஷ் ஸ்கூல்' என்று போர்டு மாட்டியபோதே பலர் எச்சரித்தார்கள். என்றைக்காவது ஒருவர் வந்து, எங்கள் பிள்ளைகளை மதம் மாற்றப் பார்க்கிறாயா என்று கேட்கத்தான் போகிறார் என்றார்கள்.

அதனால் முன்ஜாக்கிரதையாகச் சிலுவையைத் தன் வீட்டுச் சுவரோடு நிறுத்திக்கொண்டார். பைபிள் அலமாரிக்குள் போயிற்று. பாடத்திட்டம் ஒரே பக்கம், அவர் கைப்பட எழுதியது. முதல் பீரியட் மணல். அப்புறம் பாட்டு, படம் வரைதல், தமிழில் கதை. முதல் ஆறு மாதம் இங்கிலீஷ் காதில் விழுந்தால் போதும், வாயில் வர வேண்டாம். முப்பது வருஷம் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர் அவர். நாலு வயசுக் குழந்தைக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் குழந்தையின் அப்பாவுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை.

"ஐயா, நாங்க யார் பிள்ளையையும் எதுவும் பண்ணலை," என்று ஆரம்பித்தார்.

"பண்ல. அதான் பேஜாரே," என்றார் வீராசாமி. "கிறிஸ்டின் ஸ்கூலுன்னு போர்டு கீது. உள்ள வந்தா ஒரு சிலுவ இல்ல, ஒரு ஜெபம் இல்ல. அப்புறம் இன்னாத்துக்கு அந்தப் போர்டு?"

ஞானசுந்தரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"போன வாரம் கூரத்துல ஒரு காதுகுத்து. எங்க சகல தாமோதரன் காஞ்சிபுரத்துலருந்து பொண்ண இட்டாந்தான். அது கான்வென்ட்டு. எல போட்டதும் எந்திரிச்சி, கண்ண மூடிக்கினு, கையக் கட்டிக்கினு, இங்கிலீஷ்ல ஜெபம் சொல்லுது. நூறு பேரு சோத்துல கை வெக்காம உக்காந்துகினு கீறாங்க. முடிஞ்சதும் எங்க கனகாவப் பாத்து, நீ இன்னாம்மா படிச்சேன்னு கேக்கறான். இது சொல்லுது, மண்ணுல வூடு கட்னேன்னு."

"அது பாடத்திட்டத்துல..."

"வூடு கட்டறதுக்கு என்கிட்ட கொத்தனாரு கீறான் டீச்சரம்மா."

டிரெய்லரிலிருந்து கனகா எட்டிப் பார்த்தாள். "மிஸ், மண்ணு எப்போ?"

"கம்முனு இரு," என்றார் அவள் அப்பா.

"எல்லாம் இந்துக் குழந்தைங்க. ஜெபம் சொல்லிக்கொடுத்தா ஊர்ல ஆட்சேபணை வராதா?" என்று கேட்டார் ஞானசுந்தரி.

"இன்னா ஆட்சேபண? சாயங்காலம் வூட்டுக்கு வந்து எங்க அம்மனுக்கு ஒரு கும்புடு போடும். காலைல இங்க ஒண்ணு போட்டா இன்னா கொறஞ்சிபூடும்? இங்கிலீஷு அந்தச் சாமியோட பாஷ. சாமிய உட்டுட்டு பாஷய மட்டும் கேட்டா எப்டிக் குடுக்கும்?"

ஞானசுந்தரி மூக்குக்கண்ணாடியை இன்னொரு தரம் கழற்றித் துடைத்தார்.

"வெள்ளிக்கெழம சகல வர்றான். நேரா இங்க இட்டாருவேன். இருபத்திரெண்டு உருப்படியும் இங்கிலீஷ்ல ஜெபம் சொல்லணும். இல்லன்னா அடுத்த திங்கக்கெழமலருந்து டிராக்டர் ஏர் ஓட்டத்தான் போவும்."

சொல்லிவிட்டுக் கையைக் காட்டினார். குழந்தைகள் பொலபொலவென்று இறங்கி, களத்தில் குவிந்திருந்த மணலைப் பார்த்து ஓடின.

பள்ளிக்கூடத்தில் மொத்தம் முப்பத்தோரு பிள்ளைகள். அதில் இருபத்திரண்டு போனால் மிச்சம் ஒன்பது. ஒன்பது பேரை வைத்துக்கொண்டு பல்லாங்குழி ஆடலாம். பள்ளிக்கூடம் நடத்த முடியாது.

அன்று மத்தியானமே ஞானசுந்தரி ஒரு ஜெபம் எழுதினார். நாலே வரி. ஆண்டவரே, எங்கள் ஸ்லேட்டை ஆசீர்வதியும், டீச்சரை ஆசீர்வதியும், எங்களைச் சுத்தமாக வைத்திரும், சாயங்காலம் பத்திரமாக வீடு சேர்த்தருளும். இங்கிலீஷில் எழுதினால் இன்னும் சின்னதாக வந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். ஐந்து குழந்தைகள் அழுதன. மூன்று தூங்கின. கனகா மட்டும் வாயைத் திறந்தாள். "மிஸ், மண்ணு எப்போ?"

சாயங்காலம், பள்ளிக்கூடத்தின் ஒரே ஒரு உதவி ஆசிரியை ரங்கநாயகி மெதுவாக வந்து நின்றாள். ஐயங்கார்குளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எஸ்.எஸ்.எல்.சி. அவள் அப்பா பெருமாள் கோயில் கோஷ்டியில் நின்று பாசுரத்தை ராகமாகச் சேவிக்கிறவர். மகள் இங்கிலீஷ் ஸ்கூலில் வேலை பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். போர்டில் இருக்கிற 'கிறிஸ்டியன்' என்ற வார்த்தையை அவள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

"மேடம், எங்காத்துல சொல்லிக்குடுக்கற மாதிரி சொல்லிக்குடுக்கட்டுமா? நான் ஒரு தரம் சொன்னா அவா ரெண்டு தரம் திருப்பிச் சொல்லணும். சந்தைன்னு சொல்லுவா. அப்பா எங்கண்ணாக்களுக்கு அப்படித்தான் சொல்லிவெச்சார். அர்த்தமெல்லாம் அப்புறம்."

"எப்போ அப்புறம்?"

ரங்கநாயகி யோசித்தாள். "பெரியண்ணா நாலு வயசுல ஆரம்பிச்சான். இப்போ முப்பதாறது. இன்னும் கேக்கலை."

ஞானசுந்தரிக்கு வேறு வழி இல்லை. வகுப்பை அவளிடம் விட்டுவிட்டு, டிராக்டர் நின்றுபோனால் புதுப் பிள்ளைகள் கிடைக்குமா என்று புதனும் வியாழனும் ஊர் ஊராக அலைந்தார். இரண்டு கிடைத்தன. அதில் ஒன்றுக்கு வயது ஒன்றரை.

வெள்ளிக்கிழமை காலை. ஒன்பது பத்து.

டிராக்டரிலிருந்து வீராசாமி இறங்கினார். பின்னாலேயே தாமோதரன். டெரிலின் சட்டை, தங்கக் கலர் கடிகாரம், காஞ்சிபுரம் முழுவதும் தன் பின்னால் நிற்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

பழைய நெல் களத்தில் குழந்தைகள் இரண்டு வரிசையாக, ஒன்றை ஒன்று பார்த்து நின்றன. அப்படி ஏன் நிற்கின்றன என்று ஞானசுந்தரிக்குப் புரியவில்லை. ரங்கநாயகி முதல் இரண்டு வார்த்தையை எடுத்துக்கொடுத்தாள்.

களம் அதிர்ந்தது.

முப்பத்தோரு தொண்டைகள். ஒரே குரல். 'லார்ட்' என்ற வார்த்தை தரையில் ஆரம்பித்து, மேலே போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, வளைந்து இறங்கியது. ஸ்லேட்டும் டீச்சரும் அதே வழியில் போய் வந்தார்கள். ஒரு வரிசை விட்ட இடத்தில் அடுத்த வரிசை பிடித்தது. கடைசி வரியை எல்லோரும் இரண்டு தரம் சொன்னார்கள். இங்கிலீஷில் ஒரு எழுத்து பிசகவில்லை. அசல் கோயில் கோஷ்டி. பெருமாள் மட்டும்தான் பாக்கி.

ஞானசுந்தரி தூணைப் பிடித்துக்கொண்டார்.

முடிந்ததும் எல்லாக் குழந்தைகளும் இடது கையை அடியில் கொடுத்து, வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டின. ரங்கநாயகி ஒவ்வொரு கையிலும் ஒரு கற்கண்டு போட்டுக்கொண்டே போனாள். வாயில் போட்டுக்கொண்டு, கையைத் தலையில் துடைத்துக்கொண்டன. இரண்டு நாள் பழக்கம்.

தாமோதரனின் சிரிப்பு நின்றது. "இந்த ராகம் எங்கியோ கேட்டாப்ல கீதே. எங்க தெருவுல சாமி பொறப்பாடு வரச்சொல்ல..."

வீராசாமி திரும்பி ஞானசுந்தரியைப் பார்த்தார். பார்வை கூர்மையாக இருந்தது. ஞானசுந்தரி வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை. ரங்கநாயகியைப் பார்த்தார்.

"இது பழைய முறை சார்," என்றாள் ரங்கநாயகி.

"எவ்ளோ பழசு?"

"ஆயிரம் வருஷம் இருக்கும்."

அதில் ஒரு அட்சரம்கூடப் பொய் இல்லை. ஞானசுந்தரி கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் ஸ்தோத்திரம் என்றார்.

"உன் கான்வென்ட்டு எவ்ளோ வருஷமா கீது சகல?" என்று கேட்டார் வீராசாமி.

"அது ஒரு எம்பது, தொண்ணூறு."

"ராகம் உண்டா?"

தாமோதரன் கடிகாரத்தைப் பார்த்தார். "அங்க சும்மா வாயால சொல்லிட்டு உக்காந்துடுதுங்க."

"கல்கண்டு?"

தாமோதரன் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்தார். வீராசாமி மீசையைத் தடவிக்கொண்டார். கூரத்துப் பந்தியில் போன மானம் உத்திரமேரூர் களத்தில் திரும்பி வந்துவிட்டது.

திங்கட்கிழமை டிரெய்லரில் முப்பத்தைந்து பேர் வந்தார்கள். பள்ளிக்கூடம் பிழைத்தது. வீராசாமி இறங்கி, புதுப் பாடத்திட்டத்தை நின்றபடியே சொன்னார்.

"எல்லாத்தையும் அதே மாதிரி சொல்லிக்குடுங்க. ஏ பி சி டி, வாய்ப்பாடு, எல்லாம் அந்த ராகத்துலயே. அர்த்தம் மட்டும் சொல்லிடாதீங்க. பசங்க கொழம்பிடும்."

"முதல் பீரியட் மட்டும் மணல்..."

"அதுவா." வீராசாமி டிரெய்லரில் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு ஆட்களுக்குச் சைகை காட்டினார். அவர்கள் மண்வெட்டியோடு குதித்தார்கள். "கட்டடம் கட்டப் போறீங்கன்னுதான் செய்யாத்து மணலு ரெண்டு லோடு கொட்னேன். படிப்புக்கு அது எதுக்கு? நம்ம பம்ப்செட்டு ரூமுக்குப் பூசணும்."

பதினோரு மணிக்குள் களம் சுத்தமாகிவிட்டது. அதுவரை குழந்தைகள் இரண்டு வரிசையாக நின்று எங்களைச் சுத்தமாக வைத்திரும் என்று இங்கிலீஷில் சேவித்துக்கொண்டிருந்தன.

முடிந்ததும் கைகள் நீண்டன. ரங்கநாயகியிடம் கற்கண்டு ஒன்று குறைந்துபோயிற்று. வரிசைக் கடைசியில் கனகாவின் கை மட்டும் குழிந்தபடியே நின்றது. ஞானசுந்தரி குனிந்து, தரைவெடிப்பில் தங்கியிருந்த மணலைக் கிள்ளி எடுத்து அந்தக் கையில் போட்டார்.

கனகா உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு ஞானசுந்தரியைப் பார்த்தாள்.

"வூடு கட்ட இது பத்தாது மிஸ்."