பெயர் மொய்

அந்தச் சங்கத்தில் மொய் வைப்பது என்றால் பணம் வைப்பது இல்லை, பெயர் வைப்பது. உன் ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயரைப் போடு, என் கட்டுரையில் உன் பெயரைப் போடுகிறேன். கல்யாண வீட்டில் வைத்த மொய்யாவது திரும்பி வர வருஷக்கணக்காகும். இது அடுத்த இதழிலேயே வந்துவிடும். படித்தவர்கள் அல்லவா, எல்லாவற்றிலும் வேகம்.

ஐரோப்பிய உதவித்தொகையில் அறிவியல் படித்துவிட்டுத் திரும்பியவர்களின் சங்கம் அது. கோயமுத்தூர்க் கிளை வருஷத்துக்கு ஒருமுறை அவினாசி ரோட்டில் ஏதாவது ஒரு ஹோட்டலில் கூடும். எழுபதுகளில் எட்டு மாதம் ஜெர்மனியில் குளிர்காய்ந்தவர் தொண்ணூற்றொன்பதிலும் கோட்டைக் கழற்றமாட்டார். "நாங்க ஹாம்பர்க்ல இருக்கறப்போ" என்று ஒருவர் ஆரம்பித்தால், "நாங்க லைடன்ல" என்று பக்கத்தில் இருப்பவர் குறுக்கே விழுவார். ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்பதே இல்லை. கேட்காமலே தலையை ஆட்டி, விசிட்டிங் கார்டை மாற்றிக்கொண்டு, சூப் கிண்ணத்தோடு அடுத்த ஆளைத் தேடிப் போவார்கள். இதற்குத் தொடர்பு வளர்ப்பது என்று பெயர்.

அன்புக்கரசிக்கு இந்தக் கூட்டத்தைக் கண்டாலே குமட்டும். ஆனால் அவளும் உறுப்பினர்தான். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஊரார் தோட்டங்களில் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்து, நெதர்லாந்து வரை போய், பயிர்களைத் தாக்கும் பேன்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கி வந்தவள். இப்போது கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். சங்கத்தில் முதல் தடவை பார்த்தபோது செயலாளர் பேராசிரியர் ரங்கராஜ் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "உடுமலையில ஊடு எங்கீங்க அம்மணி? யாரு தோட்டமுங்க?" என்பதுதான். அவர் என்ன கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா? "எங்களுக்குத் தோட்டமெல்லாம் இல்லீங்க" என்றாள். அத்தோடு அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர் கண்ணுக்கு அவள் தெரியவே இல்லை.

அவர் கண்ணில் அவள் படும்படி ஆனது தென்னையால். அதற்கு முந்தின வருஷம்தான் தென்னந்தோப்புகளில் சிலந்திப்பேன் வந்திருந்தது. கண்ணுக்கே தெரியாத பூச்சி, குரும்பையின் காம்புத் தொப்பிக்குள் புகுந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். காய் சொறி பிடித்த மாதிரி பழுப்பேறி, வெடித்து, கைப்பிடி அளவில் நின்றுபோகும். வியாபாரி எட்டி உதைத்துவிட்டுப் போவான். உடுமலை முழுக்க ஆளாளுக்கு மருந்தை வாங்கி ஊற்றினார்கள். ஊற்றாத தோப்பு ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய சித்தப்பா மயில்சாமி குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பு. "ஒரு வருசம் பொறுத்துக்கங்க சித்தப்பா, ஒரு சொட்டு மருந்து படக்கூடாதுங்க" என்று அவள் கேட்டுக்கொண்டதற்காக, பாதிக் காய் பதராகப் போனதையும் அவர் வாய் திறக்காமல் தாங்கிக்கொண்டார்.

வீண்போகவில்லை. அந்தத் தோப்பில் மட்டும், குரும்பைத் தொப்பிக்குள் இன்னொரு பேன் இருப்பதை அவள் கண்டுபிடித்தாள். அது சாறு குடிக்கிற பேனைப் பிடித்துத் தின்கிற பேன். மெல்ல மெல்லப் பெருகியும் வந்தது. பக்கத்துத் தோப்புகளில் எவ்வளவு தேடியும் அது இல்லை. மருந்து முதலில் கொன்றது அதைத்தான். இதை உயிரோடு எடுத்துப் போய், அவள் படித்த ஆய்வுக்கூடத்தில் பெருக்கும் வழியைக் கண்டுவிட்டால், ஊரெல்லாம் விஷத்தை ஊற்ற வேண்டியதில்லை. அதற்கு உதவித்தொகைக்காரர்களே பழைய மாணவர்களை மூன்று மாதம் திரும்ப அழைக்கும் திட்டம் ஒன்று வைத்திருந்தார்கள். உள்ளூர்ச் சங்கம் பரிந்துரைக்க வேண்டும், அவ்வளவுதான். அதாவது ரங்கராஜ் பரிந்துரைக்க வேண்டும்.

கட்டுரையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். அவர் தலைப்பைப் பார்த்தார், அதற்கடியில் இருந்த பெயரைப் பார்த்தார். மேலே படிக்கவில்லை.

"பிரமாதமுங்க அம்மணி. ஆனா ஒத்தைப் பேரா நிக்குதுங்களே."

"நான் ஒருத்தி செஞ்சதுதானுங்க சார்."

"அதெல்லாம் சரிதானுங்க. சங்கம்னு ஒண்ணு எதுக்கு இருக்குது? ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா இருக்கறதுக்குத்தானுங்களே. எம் பேரு, பாலுசாமி பேரு, இன்னும் ரெண்டு பேரு சேர்த்துப்போடுங்க. உங்க பேரும் எங்க கட்டுரைகள்ல வருமுங்க. மொய் வெச்சவங்களைச் சங்கம் கைவிடாதுங்க."

இந்தப் பாலுசாமி வேதியியல்காரர். பெல்ஜியத்தில் படித்தவர். மாமனார் பூச்சிமருந்து தயாரிக்கிறவர். தென்னை மரத்துக்குக் கீழே இளநீர் குடித்திருப்பார், அதற்கு மேல் தென்னைக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. இருந்தாலும் பெயர்தானே, போனால் போகிறது, பேன் பிழைத்தால் சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டு அன்புக்கரசி நான்கு பெயர்களையும் டைப் அடித்தாள். அடிக்கும்போது எழுத்துப்பிழை இல்லாமல் கவனமாக அடித்தாள் என்பதை நினைத்தால் அவளுக்கே அப்புறம் அசிங்கமாக இருந்தது.

அதன் பிறகு அவளுக்கும் மொய் வரத் தொடங்கியது. மோட்டார் பம்பு வார்ப்பைப் பற்றி ஒரு கட்டுரை, சாயப்பட்டறைக் கழிவைப் பற்றி ஒன்று, மாட்டுத் தீவனத்தைப் பற்றி ஒன்று. எல்லாவற்றிலும் மூன்றாவதாகவோ நாலாவதாகவோ அவள் பெயர். தபாலில் வந்த பிரதிகளைக் கழிசடைகளைத் தள்ளுவதுபோல அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டாள். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டாள்.

அந்த வருஷக் கூட்டத்துக்கு நெதர்லாந்திலிருந்து மரியான் என்ற அம்மையார் வந்திருந்தார். உதவித்தொகை அலுவலகத்தின் ஆள், தானும் பூச்சியியல் படித்தவர். வந்தவருக்குச் சந்தன மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு. ஒவ்வொருவராக மேடையேறித் தங்கள் சாதனையைத் தாங்களே வாசித்தார்கள். இத்தனை கட்டுரை, இத்தனை மாநாடு, இத்தனை நாடு. அத்தனை கட்டுரைகளையும் யார் எழுதினார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவர் இறங்கும்போதும் கைதட்டல். எல்லோருடைய சாதனையிலும் எல்லோருக்கும் பங்கு இருந்ததால் எல்லோரும் நன்றாகவே தட்டினார்கள்.

ஆண்டு மலர் வெளியிட்ட பிறகு சாப்பாடு. மரியான் சாப்பிடாமல் மலரைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, எதிரே இருந்த அன்புக்கரசியை ஆங்கிலத்தில் கேட்டார்.

"எனக்கு ஒன்று புரியவில்லை. இந்த மலரில் தென்னைப் பேனைப் பற்றி இரண்டு கட்டுரைகள் இருக்கின்றன. இரண்டையும் எழுதியவர்கள் அதே ஐந்து பேர். ஒன்று, விஷம் வைத்தால் நன்மை செய்யும் பேன் செத்துவிடும், வைக்கவே கூடாது என்கிறது. இன்னொன்று, வேரில் விஷத்தைக் கட்டினால் ஒரு தீங்கும் இல்லை, எல்லாத் தோப்புக்கும் உடனே கட்டுங்கள் என்கிறது. நீங்கள் எதை நம்புகிறீர்கள்?"

அன்புக்கரசி மலரை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய கட்டுரைக்கு நாலு பக்கம் தள்ளி பாலுசாமியின் கட்டுரை. தென்னையின் இளம்வேரைச் சாய்வாகச் சீவி, மருந்து நிரப்பிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக் கட்டினால் மரம் அதை உறிஞ்சிக் குலைக்குக் கொண்டுபோகும் என்று படம் போட்டு விளக்கியிருந்தது. மருந்தின் பெயரும் இருந்தது, மாமனாருடைய சரக்கு. முதல் பெயர் பாலுசாமி. இரண்டாவது பெயர் அவளுடையது. தென்னைக்கு அவள்தான் நிபுணர் என்று மரியாதையாக முன்னால் தள்ளியிருந்தார்கள்.

ரங்கராஜ் பாய்ந்து வந்தார். "அது ரெண்டு கோணமுங்க மேடம். ஆரோக்கியமான விவாதம்..."

"நான் இவரைக் கேட்டேன்" என்றார் மரியான்.

இது என்னுடையது இல்லை, என்னைக் கேட்காமல் போட்டார்கள் என்று அன்புக்கரசி சொல்லிவிட ஒரு நொடி போதும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியானால் உங்கள் கட்டுரையில் இந்த நாலு பேர் எப்படி வந்தார்கள்? அதற்கு என்ன சொல்வது? நான்தான் போட்டேன், போட்டால் என்னை அனுப்புவார்கள் என்று போட்டேன். பரிந்துரை அங்கேயே செத்துவிடும். பேன் தோப்பிலேயே கிடந்து இன்னொரு கோடையைத் தாண்டுமோ தாண்டாதோ. ரங்கராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரத்தில் மயோனைஸ் ஒட்டியிருந்தது.

"இரண்டும் ஒரே திட்டத்தின் இரண்டு கட்டங்கள்" என்றாள் அன்புக்கரசி. "முதலில் மருந்தால் கட்டுப்படுத்துவது. அதன் பிறகு நல்ல பேனைக் கொண்டுவந்து விடுவது."

அப்படி ஒரு திட்டம் எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் ஆங்கிலம் தடங்கல் இல்லாமல் வந்தது. மரியான் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்படியா" என்று மலரை மூடினார். பக்கத்து மேசையிலிருந்து பாலுசாமி கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். ஐஸ்கிரீம் வந்தபோது ரங்கராஜ் மைக்கைப் பிடித்து, இந்த வருஷத்துப் பரிந்துரை டாக்டர் அன்புக்கரசிக்கு என்று அறிவித்தார். எல்லோரும் கை குலுக்கினார்கள். ஈரக் கை, எண்ணெய்க் கை, மோதிரக் கை. நிருபர் போட்டோ எடுத்தபோது அவள் சிரித்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பல் துலக்கினாள். வாயில் இருந்த கசப்பு போகாமல் இன்னொரு தடவை துலக்கினாள்.

பொங்கலுக்கு முன்னாலேயே அழைப்பு உறுதியாகிவிட்டது, பேனை உயிரோடு கொண்டுவர அனுமதியும் கிடைத்துவிட்டது. ஒருவகையில் நல்லதாகத்தான் முடிந்தது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, சிறு டப்பாக்களும் கைலென்சுமாக உக்கடத்தில் உடுமலை பஸ் ஏறினாள். நாற்றம் பிடித்த சங்கம், நாற்றம் பிடித்த மனிதர்கள், ஆனாலும் வேலை நடக்கும். பாதி வழி வரை இதை நம்பவும் செய்தாள்.

தோப்புக்குள் நுழைந்ததும் முதல் மரத்தடியில் நின்றுவிட்டாள். மண்ணைத் தோண்டியிருந்தது. வேரில் ஒரு பிளாஸ்டிக் பை சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. காலிப் பை. அடுத்த மரத்தைப் பார்த்தாள். அதற்கடுத்த மரத்தைப் பார்த்தாள். எல்லா மரத்தடியிலும் பை.

மயில்சாமி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "வா கண்ணு! போன் பண்ணியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பனே. பார்த்தியா, ஒரு மரம் பாக்கியில்ல, அத்தனைக்கும் கட்டிப்போட்டேன்."

"எப்பங்க சித்தப்பா கட்டுனீங்க?"

"ஆச்சு, மார்கழி பொறந்த கையோட. மருந்துக் கடையில நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. பெரிய பெரிய டாக்டருங்க பேரோட உம் பேரும் இருந்துச்சு. கடைக்காரரு படிச்சுக் காமிச்சாரு. உங்க புள்ளையே எழுதியிருக்குது, நீங்க இன்னும் கட்டாம இருக்கீங்களேன்னாரு. ஒரு வருசமா வேண்டாம்னு சொன்ன புள்ள இப்ப கட்டச் சொல்லுதுன்னா பரிச்சை முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன். உன்னையக் கூப்பிட்டுக் கேக்கலாம்னுதான் இருந்தேன். அச்சுலயே வந்ததுக்கப்பறம் உன்னைய என்னத்துக்குத் தொந்தரவு பண்ணோணும்னு உட்டுப்போட்டேன்."

அவள் குரும்பை வேண்டும் என்றாள். அவரே காலில் தளைக்கயிறு போட்டு மரம் ஏறி, வெவ்வேறு மரங்களிலிருந்து பறித்துப் போட்டார். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொப்பியைப் பிரித்து லென்சை வைத்தாள். கெட்ட பேன் செத்துக் கிடந்தது. பக்கத்திலேயே, அதைத் தின்ற நல்ல பேனும் உலர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாக் குரும்பையிலும் அப்படித்தான். கடைசி மரத்துக் குரும்பையைப் பிரித்தபோது உள்ளே ஏதோ அசைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்சைத் திருப்பினாள். சாறு குடிக்கிற பேன். அது மட்டும் மறுபடி வரத் தொடங்கியிருந்தது.

கொண்டுவந்த டப்பாக்கள் மடியில் காலியாகக் கிடந்தன. அந்த ஹோட்டலில் குலுக்கிய கைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. அவர்களை நினைத்து அருவருப்பதற்குக்கூட இப்போது முடியவில்லை. அவர்களை உடுமலைப்பேட்டையில் எவருக்கும் தெரியாது. இந்தத் தோப்பில் நுழைய முடிந்தது அவள் பெயருக்கு மட்டும்தான்.

மயில்சாமி மரத்திலிருந்து இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் குந்தினார். "என்ன கண்ணு, எல்லாம் செத்துப்போச்சா?"

"எல்லாம் செத்துப்போச்சுங்க சித்தப்பா."

அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நாம வளர்த்ததும் செத்துப்போச்சுங்க. மருந்து கட்டியிருக்கக் கூடாதுங்க. அதை நான் எழுதலீங்க சித்தப்பா. அச்சுல வர்ற வரைக்கும் அதுல என்ன இருக்குதுன்னுகூட நான் படிக்கலீங்க."

மயில்சாமி மரத்தடியில் கட்டியிருந்த பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பின்ன அதுல உம் பேரு எதுக்குக் கண்ணு இருந்துச்சு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார்.