பழுதில்லாத விளக்கு

செவ்வந்திப்பேட்டை டவுன் பஞ்சாயத்தில் ஸ்டோர் கிளார்க் பஞ்சாட்சரம் பூட்டாத பீரோ கிடையாது. பெரிய காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே முக்கால் மைலில் இருக்கிறது பேட்டை. பதினான்கு சாயப்பட்டறைத் தண்ணீரும் தெருச் சாக்கடையும் சேர்ந்து ஒரே கிணற்றில்தான் விழும். ஆழம் பதினெட்டு அடி. அதில் ஆள் இறங்குமுன் காற்றைச் சோதிக்க, கம்பி வலை போட்ட விளக்கு ஒன்று ஸ்டோரில் உண்டு. கயிற்றில் கட்டி முதலில் அதை இறக்க வேண்டும். சுடர் நின்றால் ஆள் இறங்கலாம். அணைந்தால் இறங்கக் கூடாது.

அந்த விளக்கைப் பஞ்சாட்சரம் வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து, நிர்வாக அதிகாரியின் கையெழுத்துச் சீட்டு இல்லாமல் யார் கேட்டாலும் தராமல், கண்ணைப்போல் காத்தார். கண்ணாடி விரிசல் விட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. நல்ல காரியம் என்றே நினைத்திருந்தார், போன பங்குனி வரைக்கும்.

ஏகாம்பரநாதர் திருக்கல்யாணத்துக்கு முதல் நாள் கிணறு அடைத்துக்கொண்டது. தெருவெல்லாம் சிவப்புத் தண்ணீர். அதிகாரி கோயில் பந்தோபஸ்துக் கூட்டத்துக்குப் போய்விட்டார். கிணற்றில் இறங்கும் துரைக்கண்ணு ஸ்டோர் வாசலில் வந்து நின்றான்.

"சார், அந்த வெளக்கு குடுங்க சார். உள்ள வாசனை ஒரு மாதிரியா வருது."

"சீட்டு எங்கேப்பா?"

"சீட்டு போடறவரு சாமி கல்யாணத்துக்குப் போயிட்டாரு சார்."

"வரட்டும். வந்ததும் தரேன்."

துரைக்கண்ணு சிரித்தான். "சரி சார், பூட்டியே வையுங்க. வெளியில வந்தா அதுக்கு ஜல்பு புடிச்சுக்கப் போவுது."

அரைமணியில் கூச்சல் கேட்டுப் பஞ்சாட்சரம் ஓடினார். இறங்குகிறவன் இடுப்புக் கயிற்றை ஒரு தரம் இழுத்தால் சௌக்கியம். இரண்டு தரம் இழுத்தால் தூக்கு என்று அர்த்தம். இரண்டு தரம் இழுத்துவிட்டு அடங்கிப்போன கயிற்றின் வாலை அவரும் பிடித்துத் தூக்கினார். மேலே வந்த துரைக்கண்ணுவின் கைகள் முழங்கை வரை சாயத்தில் சிவந்திருந்தன, மருதாணி இட்ட மாதிரி.

விபத்து அறிக்கை எழுதியவரும் பஞ்சாட்சரமே. 'காரணம்' என்ற கட்டத்தில், 'சோதனை விளக்கு இன்றி இறங்கிய தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார். அவன் விளக்கு கேட்டது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். ஒருவன் போய்விட்டான்.

அதற்கப்புறம் தொடங்கியது அந்த இழுப்பு. பட்டப்பகலில், கோப்பு நாடாவை விரலில் சுற்றி முடிச்சுப் போடும்போது, நாடாவின் மறுமுனையை யாரோ வெடுக்கென்று இழுப்பார்கள். ஒன்று, இரண்டு. குனிந்து மேஜைக்கடியில் பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள்.

துரைக்கண்ணுவின் பெண்சாதி கங்கையம்மாள் அதே ஆபீசில்தான் பெருக்குகிறாள். அறிக்கையில் இருந்ததை யாரோ அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள். தினமும் சாயங்காலம் அவர் படியிறங்கும்போது விளக்குமாற்றை நிறுத்திச் சொல்வாள்: "பாத்துப் போங்க சார். கவனக்கொறைவா கால் வெச்சுடப் போறீங்க."

ஆவணியில் மதராஸிலிருந்து ஆய்வு அதிகாரி சிட்டிபாபு வந்தார். ஆட்கள் பாதுகாப்பு, பொருள் நஷ்டத் தடுப்பு இரண்டுக்கும் சேர்த்து மார்க் போட அச்சடித்த காகிதம் கொண்டுவந்திருந்தார். அவர் உட்காருவதற்குள் அந்தோணி வந்து வாளியும் கயிறும் வாங்கிக்கொண்டான். கிணறு மறுபடி அடைத்திருந்தது. துரைக்கண்ணுவின் இடத்துக்கு வந்தவன் அந்தோணி. அவன் விளக்கு கேட்கவில்லை. பங்குனிக்கப்புறம் யாருமே கேட்பதில்லை.

சிட்டிபாபு விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேஷ்! எட்டு வருஷத்துச் சாமானா இது? நேத்து வாங்கினாப்பல இருக்குதே. பழுதில்லை. முழு மார்க்." பிறகு பக்கம் புரட்டினார். "சாவு ஒன்று. காரணம், கவனக்குறைவு. சரி, ஆட்களுக்குப் புத்தி சொல்லி வையும்."

வராந்தாவில் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

பஞ்சாட்சரம் அறிக்கைக் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். நாடா இழுபட்டது. ஒன்று. இரண்டு. விரல் வெளுத்துப்போனது.

"சார்," என்றார், "அந்தத் திரியைப் பாருங்க."

"என்னய்யா திரிக்கு? வெள்ளையாத்தானே இருக்குது."

"எட்டு வருஷமா வெள்ளையா இருக்குது சார். ஒரு நாள்கூடக் கொளுத்தினதில்லை. அவன் வந்து கேட்டான். சீட்டு கேட்டு நான் திருப்பி அனுப்பினேன்."

சிட்டிபாபு பேனாவை மூடினார். குரலைத் தாழ்த்தினார். "இதை நான் எழுதினா உம்ம உத்தியோகம் நிக்காதுய்யா. சொல்லலேன்னு வெச்சுக்கறேன்."

"எழுதுங்க சார். கவனக்குறைவு என் பேருக்கு இருக்கட்டும்."

கங்கையம்மாள் வாசற்படியில் நின்றிருந்தாள். அழவும் இல்லை, அவரைத் திட்டவும் இல்லை. "எழுதறது அப்பால ஆவட்டும். அந்தோணி எறங்கிக்கினு இருப்பான்," என்றாள். ஆபீஸ் அரிக்கேனைக் கழற்றி, மண்ணெண்ணெயை அந்தச் சோதனை விளக்கில் அவளே ஊற்றினாள்.

சீட்டு இல்லாமல் ஸ்டோர் சாமானை எடுத்துக்கொண்டு பஞ்சாட்சரம் ஓடியது அதுதான் முதல் தடவை. கிணற்றடியில் அந்தோணி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டிருந்தான்.

"எடுப்பா காலை!"

"இன்னா சார், நீங்க எறங்கப் போறீங்களா?"

பஞ்சாட்சரம் விளக்கைக் கொளுத்தி, கயிற்றில் கட்டி, அவரே இறக்கினார். ஆறு அடியில் சுடர் குட்டையானது. பத்தடியில் நீலமானது. பன்னிரண்டாவது அடியில் யாரோ ஊதினாற்போல் அணைந்தது. அந்தோணி கிணற்று விளிம்பிலிருந்து நாலெட்டு பின்னால் போய், சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

இருட்டுக்குள் தொங்கியது வெறும் விளக்கு. இரண்டு சேர் கனம்கூட இருக்காது. ஆனால் பஞ்சாட்சரத்தின் கையில் கயிறு திடீரென்று கனத்தது. ஆள் கனம். கீழேயிருந்து ஓர் இழுப்பு வந்தது. இன்னோர் இழுப்பு.

"இன்னா சார், மாட்டிக்கினிச்சா?" என்றான் அந்தோணி.

பஞ்சாட்சரம் அவனைப் பார்க்கவில்லை. கிணற்றுக்குள் குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "இதோ, தூக்கறேன்பா."

காலை விளிம்பில் உதைத்துக்கொண்டு இழுத்தார், உள்ளங்கைத் தோல் உரியும் வரை இழுத்தார்.