மழை மாதங்களில் மொட்டையாக நிற்கும் தட்டுகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு விண்ணப்பப் படிவத்தின் பதினோராவது கேள்விக்கு விடையாகப் பிறந்தது. ‘உங்கள் ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும்படி முந்நூறு சொற்களில் விளக்குக.’ கேட்டது அரசின் ஆராய்ச்சி நிதிக் குழு. விளக்க வேண்டியவள் என் அக்கா.

அக்கா உணவு விஞ்ஞானி. பேக்கரியில் விற்காமல் மிஞ்சும் பிரெட்டை வாங்கிவந்து, அதன்மேல் சாப்பிடக்கூடிய ஒரு பூஞ்சையை வளர்க்கிறாள். பூஞ்சை பிரெட்டைத் தின்றுவிட்டு மூன்றே நாளில் புரதம் நிறைந்த கெட்டியான வில்லையாகிவிடும். வறுத்துச் சாப்பிடலாம். நான் சாப்பிட்டிருக்கிறேன், உயிரோடுதான் இருக்கிறேன். ஏழு வருடமாக அவளுக்கு இதுதான் உலகம். இந்தச் சுற்றில் நிதி கிடைக்காவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள். பக்கத்துத் துறைக்காரர்கள் இப்போதே வந்து கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய இயந்திரம் உள்ளே நுழையுமா என்று பார்த்தார்களாம். பெரிய மனசு!

அக்கா எழுதியிருந்த விடையின் முதல் வாக்கியத்தில் மட்டும் நாற்பத்தொரு சொற்கள்.

“இது யாருக்கு?” என்று கேட்டேன்.

“பொதுமக்களுக்குத்தான்.”

“எந்தக் கிரகத்துப் பொதுமக்களுக்கு?”

“அவ்ளோ தெரிஞ்சா நீயே எழுதுடி. கதை எழுதறேன்னு சொல்லிட்டு வீட்ல ஒரு துரும்பக்கூடக் கிள்ளிப் போடறதில்ல.”

எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘மனிதகுலம் இன்று ஒரு மாபெரும் சவாலின் முன்’

(கொட்டாவி. எழுதுகிற எனக்கே.)

இரண்டாம் தொடக்கம்: ‘நேற்று நீங்கள் தூக்கியெறிந்த பிரெட் துண்டு உங்களை மறக்கவில்லை. அது’

(பேய்க்கதையாகப் போகிறது. வேண்டாம்.)

மூன்றாம் தொடக்கம்: ‘ஒரு ஊரில் ஒரு பூஞ்சை இருந்தது. அதற்கு எப்போதும் பசி.’

இது எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் நாலாவது வரியிலேயே சரக்கு தீர்ந்துபோனது. பூஞ்சையை நான் தட்டில் வறுவலாகப் பார்த்திருக்கிறேனே தவிர உயிரோடு பார்த்ததில்லை. ஆகவே நேரில் போனேன்.

தரைத்தளத்தில் ஒற்றை ஜன்னல் அறை. சுவரோரம் பீரோ மாதிரி ஒரு வெப்பப்பெட்டி. உள்ளே வரிசை வரிசையாக எஃகுத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் புதுப் பஞ்சு போல வெள்ளை வெளேரென்று பூஞ்சை. ஆய்வக உதவியாளரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரைவிட வயதில் பெரியவரான இயக்குநர் உட்பட. நான் கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டேன்.

“மெதுவாம்மா, மெதுவா. வளர்ற பிள்ளைங்க” என்றார் மாமா.

தட்டுகளுக்கு அவர் ஒரு வருகைப் பதிவேடு வைத்திருந்தார். புரட்டினேன். ‘நல்ல வளர்ச்சி’, ‘நல்ல வளர்ச்சி’, ‘அபாரம்’. மழை மாதங்கள் வந்ததும் ‘மொட்டை’, ‘மொட்டை’, ‘மொட்டை’. அடுத்த வருட மழைக்கும் அதே கதைதான்.

“இது என்ன மாமா?”

“அத அக்காகிட்ட கேட்டுக்கோம்மா” என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே கழுவிய தட்டை மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

அக்காவிடம் கேட்டேன். “ஈரப்பதம்” என்றாள். உடனே, “சாப்பிட்டியா?” என்றாள். பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் கேட்காத கேள்வி அது!

அன்று வரைவில் இப்படி ஓர் அடைப்புக்குறி போட்டேன்:

[மழை மாதங்களில் மட்டும் தட்டுகள் ஏன் மொட்டை? ஈரம் என்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தானே? அக்கா மழுப்புகிறாள். இதைச் சொன்னால் நிதி போச்சு. சொல்லாவிட்டால் என் மனசு கேட்காது. பிறகு யோசிக்க.]

(நியாயமாகச் சொல்ல வேண்டும். அக்கா எதையும் மறைக்கவில்லை. விண்ணப்பத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ‘பருவம்சார் மாறுபாடு’ என்று எழுதித்தான் இருந்தாள். சோற்றுக்குள் பூசணிக்காயைப் புதைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.)

3

இனிமேல் வருவது என் லட்சணம்.

கணினியில் இரண்டு கோப்புகள். கிறுக்கல், அடைப்புக்குறி, பேய்க்கதை எல்லாம் கலந்த வரைவுக்கு ஆரம்ப உற்சாகத்தில் ‘இறுதி’ என்று பெயர் வைத்திருந்தேன். அதைச் சுத்தமாகத் திருத்தி எழுதியதற்கு ‘இறுதி 2’. இரண்டையும் அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். விஞ்ஞானி அல்லவா, இறுதி என்றால் இறுதி என்று நம்பி அதையே விண்ணப்பத்தில் ஏற்றிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து நேர்காணல் கடிதம் வந்தது. கடைசி வரி: ‘சுருக்கத்தை எழுதியவரையும் உடன் அழைத்து வரவும்.’

“உன்ன எதுக்குடி கூப்பிடறாங்க?” என்றபடியே அக்கா கோப்பைத் திறந்தாள். அவள் முகம் மாறிய விதத்தை

[இங்கே எங்கள் சண்டை ஒன்றரைப் பக்கத்துக்கு இருந்தது. அதை அக்கா அடித்து நீக்கிவிட்டாள். அவ்வளவு மோசமாகத் தான் பேசவில்லையாம். பேசினாள்.]

ஒரு வரியை மட்டும் விட்டுவைக்கச் சம்மதித்தாள்: “ஏழு வருஷத்த ஒரு அடைப்புக்குறியில கவுத்துட்டியேடி, பாவி!” அப்போது அவள் அழுதாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

4

அடுத்து வரும் பாத்திரத்தை நானே நம்பவில்லை. கற்பனையாக இருந்தால், ‘இவ்வளவு வசதியாக ஒருத்தி வந்து நிற்பாளா?’ என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். என்ன செய்வது, வந்தாளே!

நேர்காணல் அன்று, நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நாலு பேர் நிபுணர்கள், அவர்களில் நடுவில் இருந்தவர் குழுத் தலைவர். ஐந்தாவதாக, பொதுமக்கள் சார்பில் ஓர் அம்மாள். முப்பது வருடமாகப் பேக்கரி நடத்துகிறவர். என் வரைவைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்.

“இத எழுதுனது நீதானாம்மா? அந்தப் பேய் பிரெட்ட ஏன் பாதியில விட்டே? நல்லாத்தானே போச்சு!”

அக்கா தரையைப் பார்த்தாள். நிபுணர்களில் ஒருவர் இருமினார்.

“சரி, டாக்டரம்மா” என்று அந்த அம்மாள் அக்கா பக்கம் திரும்பினார். “மொட்டைத் தட்டுன்னு போட்டிருக்கே. மழைக்காலத்துலயும் அதே பேக்கரியிலதான் பிரெட் வாங்குறீங்களா?”

“ஆமா மேடம். ஏழு வருஷமா அதே பேக்கரி, அதே பிரெட்.”

“அதே பிரெட்டா? யாரு சொன்னா? மழை வந்தா மாவுல கொஞ்சம் வினிகர் ஊத்துவோமே! இல்லன்னா ரெண்டாம் நாளே பூசணம் பூத்துடும். எங்க தொழில்ல எல்லாரும் செய்யறதுதான்.”

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பூசணம் பிடிக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சுட்ட பிரெட்டில், வருடா வருடம் பூசணம் வளரவில்லையே என்று கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள்! ஈரத்தை அளந்தாள், சூட்டை அளந்தாள், பெட்டியையே மாற்றிப் பார்த்தாள். மழைக்கு என்ன சேர்ப்பீர்கள் என்று பேக்கரிக்காரரை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேர்காணல் நடக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோனது. அங்கேயே போனை எடுத்தாள்.

“மாமா! வினிகர் மாமா! வினிகரு!”

மறுமுனையில் மாமா போட்ட கூச்சல் தலைவர் நாற்காலி வரை கேட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தலைவர் மட்டும் விடவில்லை. “வினிகர் சேர்க்காதீங்கன்னு எல்லா பேக்கரிக்கும் சொல்ல முடியாதே. அப்ப பிரெட் விக்கிறதுக்கு முன்னாடியே கெட்டுப்போகும்.”

“உண்மைதான் சார். பூஞ்சையத்தான் வினிகருக்குப் பழக்கணும். கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து, தாங்குறத மட்டும் எடுத்து, மறுபடி வளர்த்து... மூணு வருஷம் பிடிக்கும்.”

“பழகுமா?”

“தெரியாது சார்.”

“உத்தேசமா?”

“உத்தேசமாவும் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு சார் ஆராய்ச்சின்னு உங்க முன்னாடி வந்து உக்காந்திருக்கேன்?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு என்றே நினைத்தேன். ஆனால் சொல்லிவிட்டு அக்கா நிமிர்ந்து உட்கார்ந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அவளுக்குத் தங்கையாகப் பிறந்ததில் எனக்கு அவ்வளவு பெருமை.

தலைவர் என்னிடம் திரும்பினார். “கடைசிச் சுற்றுக்கு வந்த விண்ணப்பங்களப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்போம். ரெண்டு வாரம் யார் வேணும்னாலும் கருத்து எழுதலாம். உங்க சுருக்கத்துல மிச்சத்தையும் எழுதிக் குடுங்க. எதையும் வெட்ட வேண்டாம்.”

அந்த மிச்சம்தான் இது. முந்நூறு சொல் எப்போதோ தாண்டிவிட்டது, குழு மன்னிக்கட்டும்.

5

அன்றே அக்கா தன் வழக்கமான பேக்கரிக்காரரைக் கெஞ்சி, வினிகர் இல்லாமல் ஆறு பிரெட் சுட்டு வாங்கினாள். வெளியே மழை கொட்டுகிறது. மூன்றாம் நாள் காலையில் மாமா பெட்டியைத் திறந்தார். ஆறு தட்டும் வெள்ளை வெளேர்! வளர்கிற பிள்ளைகள் பயந்துவிடும் என்றும் பாராமல் மாமா குதித்தார். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, தூக்க முடியாமல் கீழே போட்டாள். பக்கத்து வரிசையில் வினிகர் பிரெட் தட்டுகள் ஆறும் மொட்டையாகவே இருந்தன.

முடிவு எழுதப் பார்த்தேன்.

முடிவு அ: நிதி கிடைக்கிறது, பூஞ்சை வினிகருக்குப் பழகுகிறது, ஊரில் ஒரு பிரெட் துண்டுகூட வீணாவதில்லை. (அக்கா: “பொய். இத அடிச்சிடு.”)

முடிவு ஆ: நிதி கிடைக்கவில்லை. பக்கத்துத் துறையின் இயந்திரம் உள்ளே வருகிறது. மாமா பெட்டியை (மாமா: “இத எழுதுன, அப்புறம் உன்கூடப் பேச மாட்டேன்.”)

முடிவு இ: அந்தப் பூஞ்சை ஒருநாள்

இல்லை. இது நானாக இட்டுக்கட்டக்கூடிய முடிவு இல்லை. வரி கட்டுகிறவர் நீங்கள், பிரெட் வாங்குகிறவரும் நீங்கள். பூஞ்சை பழகலாம், பழகாமலே போகலாம். பழகாது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளவும் அதே மூன்று வருடம்தான் ஆகும்.

கொடுப்பீர்களா?