இடம் மாறிய சிவப்பு விளக்கு

அந்தி மங்கலில் அலைதடுப்புச் சுவரின் மேல் நின்றிருந்த ஓக்ஜுவுக்கு, தூரத்தில் வருவது தன் படகுதான் என்று பாயைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. விளக்கைப் பார்த்ததும் சுவரின் விளிம்புக்கு ஓடினாள். படகு இடப்பக்கத்தைக் காட்டியபடி தோங்யோங் துறைமுகத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் சிவப்பு எரிய வேண்டும். எரிந்ததோ பச்சை.

அவளும் அக்கா ஹேசுனும் அக்கா புருஷன் பில்க்யூவும் பங்கு போட்டு வாங்கிய சின்னப் பாய்மரப் படகு அது. இருட்டிய பிறகும் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, போன மாதம் முட்டி தேய உட்கார்ந்து விளக்குகளை மாட்டியவள் ஓக்ஜு. முன்கம்பியில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை.

சிப்பிப் பண்ணையிலிருந்து ஒரு மோட்டார் படகு எதிரே வந்தது. பச்சை என்றால் படகின் வலப்பக்கம். அதைப் பார்த்த ஓட்டுநர், பாய்மரப் படகு தனக்கு வலப்பக்கமாக விலகிப் போகிறது என்று நினைத்து, அதன் பின்னால் கடக்க இடப்பக்கம் திருப்பினார். படகோ அவருக்கு இடப்பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஓக்ஜு கத்தினாள். காற்று அந்தக் கத்தலை அவள் வாய்க்குள்ளேயே திருப்பித் திணித்தது.

மோதலில் முன்கம்பி நசுங்கியது. பில்க்யூவோடு படகில் வந்த ஹேசுன் விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது.

படகுத்துறையில் கடலோரக் காவல் அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்தார். "யாருங்க இந்த லைட்டைப் போட்டது?"

"என் மச்சினிச்சி," என்றான் பில்க்யூ, யோசிக்காமலே. "எல்லாம் அவ வேலைதான்."

ஓக்ஜுவுக்குக் காது சுட்டது. "நான் போட்டது முன்கம்பியில. இது கேபின் சுவத்துல இருக்கு. கழட்டினது யாரு அத்தான்?"

"தூண்டில் போட இடைஞ்சலா இருந்துச்சு. கொஞ்சம் பின்னாடி தள்ளி வச்சேன், சிவப்பு பச்சை எல்லாம் நீ வச்ச பக்கம்தான். லைட்டுதானே, எரிஞ்சா சரி."

"எரிஞ்சா சரின்னா உங்க வீட்டு கிம்ச்சி ஃப்ரிட்ஜ் பல்பை மாட்டியிருக்கலாமே. ஓசியில முடிஞ்சிருக்கும்."

"வாயைப் பாரு. பெரியவன்னு ஒரு மரியாதை இருக்கா?"

"உங்க குடும்பச் சண்டையை வீட்டுல வச்சுக்கங்க," என்றார் சிப்பிப் படகுக்காரர். "எனக்கு மூக்கு போச்சு. படகோட மூக்கைச் சொன்னேன்."

ஹேசுன் கையை மார்போடு அணைத்தபடி தரையையே பார்த்தாள்.

மறுநாள் ஓக்ஜு சிப்பிக் கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஹேசுன் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அவர் மாட்டறப்ப டார்ச் புடிச்சது நான்தான். சிவப்பு இடப்பக்கம்ல இருந்துச்சுன்னு சொன்னேன். உனக்கென்ன தெரியும், ஒழுங்கா புடின்னார். புடிச்சேன்."

பில்க்யூ மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நொடியே அக்கா மேல் திரும்பியது.

"சரி, அதிகாரி கேட்டப்ப ஏன் சொல்லல?"

"கை வலிச்சுது."

"வாய் வலிக்கலையே. என் தலையில பழி விழறதைப் பார்த்துட்டுதானே இருந்த?"

"அவர் ஸ்கூல் வாத்தியாருடி. ஊரே பேசும்."

"என்னைப் பேசினா பரவாயில்லையா?"

ஹேசுன் அழுதாள். ஒற்றைக் கையால் கஞ்சி டப்பாவின் மூடி திறக்க வரவில்லை. ஓக்ஜு அதைப் பிடுங்கித் திறந்து, கரண்டியை டங்கென்று போட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

ஹேசுன் அன்று சாயங்காலமே அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அபராதம் பில்க்யூவுக்கு வந்தது. பெண்டாட்டியோடும் மச்சினிச்சியோடும் அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான்; படகுப் பக்கம் தலைகாட்டவில்லை. ஓக்ஜு நன்றி சொல்லவில்லை. ஒரு நாள் பிந்தி வந்த உண்மைக்கு என்ன நன்றி?

கம்பியை நிமிர்த்தி, விளக்குகளைத் தனியாகவே திரும்ப மாட்டினாள். ஒவ்வொரு திருகாணியும் யாரோ ஒருவருடைய காதைத் திருகுவதுபோல இருந்தது. சிவப்பு விளக்கை அளவுக்கு மேல் இறுக்கியதில் அதன் கூடு படக்கென்று விரிசல் விட்டது. இருவரையும் பேர் சொல்லித் திட்டிவிட்டு, புது விளக்கு வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள்.