ஒட்டிடுச்சா?

அவளுக்குக் காலில் சக்கரம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட உட்கார்ந்து குடிக்க மாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ ஆய்வகத்தில் செல் வளர்க்கும் வேலை.

இந்த முறை அவள் வளர்த்தது சொந்தத் தங்கையின் கண்ணுக்காக. வேலையிடத்தில் காரம் கலந்த ரசாயனம் தெறித்துத் தங்கையின் வலது கண் வெந்துபோயிருந்தது. நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து அரிசி முனையளவு திசுவைக் கிள்ளிக் கொடுத்த டாக்டர், இனி கிள்ளினால் அந்தக் கண்ணுக்கும் ஆபத்து என்று கையை விரித்துவிட்டார். அந்தத் திசுவிலிருந்து பிரித்த செல்கள், கொலாஜன் பூசிய இரண்டு தட்டுகளில் இருந்தன; பெருகியதும் வெந்த கண்ணில் வைப்பார்கள்.

உடம்பில் செல்களைச் சுற்றியிருக்கும் நார்தான் கொலாஜன். செல் தன் மேலிருக்கும் கொக்கிகளால் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றினால்தான் உயிரோடு இரு, பெருகு என்று உள்ளே சேதி போகும். பிடி கிடைக்காத செல்லைக் கொல்ல நோய்கூட வேண்டாம், தானே உயிரை விட்டுவிடும்.

தங்கைக்கு இவ்வளவும் தெரியாது. போன் செய்யும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "அக்கா, ஒட்டிடுச்சா?"

செல்களைத் தட்டில் இட்ட மறுநாள் காலை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தாள். கூட வேலை பார்க்கும் கண்ணாடிக்காரர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலை தூக்கியதும், "என்ன சார் ஆச்சு?" என்றாள்.

"ரெண்டு தட்டுலயும் படிஞ்சிடுச்சும்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

படிவது வேறு, ஒட்டுவது வேறு. தட்டை லேசாக ஆட்டினால் படிந்த செல் ஓடும், ஒட்டிய செல் அசையாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பதுதான் இது. ஆனால் காத்திருந்த காதில் அவர் சொன்னது 'ஒட்டிடுச்சு' என்றே விழுந்தது. ஆட்டிப் பார்க்காமலே ஒரு தட்டில் குழாயை வைத்துப் பழைய திரவத்தை உறிஞ்சி, புதியதை ஊற்றினாள். அப்புறம்தான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

தட்டு காலியாக இருந்தது.

செல்லெல்லாம் கழிவுப் புட்டியில், செல்லைக் கொல்லும் பிளீச்சுக்குள் போயிருந்தன. திரும்பி வந்து பார்த்த கண்ணாடிக்காரர், "படிஞ்சிடுச்சுன்னுதானேம்மா சொன்னேன்," என்றார் மெதுவாக.

மிச்சமிருந்தது ஒரே தட்டு. ஒட்டும்வரை அதைத் தொடக்கூடாது. அன்று தங்கையின் போனை அவள் எடுக்கவில்லை. தட்டை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரின் கதவு வரை போவாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்புவாள். எத்தனை நடை நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அடுத்த நாள் மதியம் தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து ஆட்டினாள். உருண்டையாகக் கிடந்த செல்கள் தட்டையாகிப் பரந்திருந்தன. இன்னொரு தடவை ஆட்டினாள். ஒன்றும் அசையவில்லை.

போன் அடித்தது.

"ஒட்டிடுச்சாக்கா?"

"ஒண்ணு ஒட்டிடுச்சு. இன்னொண்ணை நான் கொட்டிட்டேன். அவசரப்பட்டுட்டேன்டி."



"எனக்குப் போனதும் ஒரு கண்ணுதானேக்கா," என்றாள் தங்கை. "நீ முதல்ல உட்காரு."

அவள் உட்கார்ந்தாள்.